சுருள் இழுக்கும், தள்ளாது

மாணவர்களே, வரிச்சுருளைப் படித்த கையோடு அதைக் கொண்டு ஓர் எஞ்சின் செய்து பாருங்கள். என்னுடையது எளியது: பேனைக் குழாயின் மீது 300 சுற்றுக் காவலிட்ட செப்புக்கம்பி, உள்ளே வழுக்கி ஓடும் மெல்லிரும்பு ஆணி, வளைத்த சைக்கிள் கம்பியில் அச்சு, பழைய இறுவட்டில் சில்லு, நான்கு உலர்மின்கலங்கள்.

மின்னோட்டம் பாய்ந்ததும் ஆணி உள்ளே ஓடும்; அங்கேயே நின்றுவிடும். மின்கலத்தைத் திருப்பி இணைத்தால் வெளியே தள்ளுமா? பலர் "ஆம்" என்றே எழுதுவர். தள்ளாது. சுருளின் முனைவுகள் மாறும்போது இரும்பில் தூண்டப்படும் முனைவுகளும் மாறுகின்றன. ஆகவே மீண்டும் இழுக்கும். 1851இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் பேஜ் இவ்வாறான எஞ்சினால் புகைவண்டியையே ஓட்டினார், மணிக்கு 19 மைல் வரை! அவர் எதிரெதிராக இழுக்கும் சுருள்களை அமைத்தார்.

நமக்கு ஒரு சுருள் போதும். ஆணி நடுவை அடையுமுன் சுற்று திறக்க வேண்டும். மீதிச் சுழற்சியைச் சில்லின் சடத்துவம் முடித்துவைக்கும். அச்சிலுள்ள செப்புத்தகட்டு ஆளியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அந்தக் கணத்தைப் பிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் சென்றன. மூன்றாம் நாள் இறுவட்டு தானே சுழன்றது.

எஞ்சின் நின்றுவிட்டால் உடனே மின்கலத்தைக் கழற்றுங்கள், சுருள் விரலைச் சுடும்.