பழைய கணினியும் ஒரு சோடிக் காப்பும்

"உம்மா, இதுக்கு ஏலாதாம்."

மகள் மடிக்கணினியைத் தூக்கி வந்து திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது நான் அடுப்படியில் தேங்காய் திருவிக் கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிகள். விண்டோஸ் 11ஐப் போடுவதற்கான தகுதி இந்தக் கணினிக்கு இல்லை என்பதுதான் அவற்றின் சாரம். அது 2025 ஒக்டோபர் மாதம். விண்டோஸ் 10க்கான காலம் அந்த மாதம் 14ஆம் திகதியோடு முடிகிறதென்று அவளுடைய பல்கலைக்கழகத் தோழிகள் எல்லோரும் பேசிக் கொண்டிருந்தார்களாம்.

ஏலாது என்று சொல்லும் பிள்ளையிடம் ஏன் ஏலாது என்று கேட்டுக் கேட்டே முப்பது வருடம் வகுப்பறையில் காலம் கழித்தவள் நான். அன்று மட்டும் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. "அப்ப புதுசுதான் வாங்கணுமா?" என்றுதான் கேட்டேன்.

அந்தக் கணினி எங்கள் வீட்டுக்கு வந்தது 2016இல். மூத்த மகன் பல்கலைக்கழகம் போன வருடம். பதினெட்டு மாதம் கட்டிய சீட்டுக் காசில் வாங்கியது. அவன் படித்து முடித்து டோஹாவுக்குப் போகும்போது தங்கைக்கு விட்டுவிட்டுப் போனான். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எங்கள் சாப்பாட்டு மேசையே வகுப்பறையாகியது. காலையில் மகள் அதில் படிப்பாள். பகலில் நான் அதன் முன்னால் அமர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். 2022இல் மின்சாரம் பல மணிநேரம் நின்ற நாட்களில், மின் வரும் நேரம் பார்த்து அதற்குச் சார்ஜ் ஏற்றுவதே ஒரு வீட்டு வேலையாக இருந்தது. மாவரைப்பதும் உடுப்பு ஸ்திரி போடுவதும் அதற்குப் பிறகுதான்.

இருவருமாகக் கண்டிக்குப் போய் ஒரு கடையில் காட்டினோம். அங்கிருந்த பையன் மூடியைத் திறந்து, பெயரைப் பார்த்து, அரை நிமிடத்தில் மூடிவிட்டான். "இது இனிச் சரிவராது ஆன்ட்டி. வைரஸ் வந்தா எல்லாம் போய்டும்" என்றான். புதியதொன்றுக்கு அவன் சொன்ன விலை இரண்டு இலட்சத்துக்கும் மேல். பழையதைக் கொடுத்தால் சிறு தொகை கழித்துத் தருவார்களாம். "உள்ள இருக்கிறத நாங்களே அழிச்சிருவோம், அதுக்குப் பயப்பட வேணாம்" என்று ஆறுதலும் சொன்னான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கண் கையிலேயே நின்றது. கையில் கிடந்தவை கலியாணத்தின்போது உம்மா போட்ட ஒரு சோடிக் காப்பு. பவுண் விலை ஏறிக் கிடந்த நேரம். ஒன்றைக் கழற்றினால் கணினி வந்துவிடும், மற்றது மகளுக்கு இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிள்ளைகளின் படிப்பென்று வந்தால் நம் பெண்களின் கணக்கு எப்போதும் கையிலிருந்தும் கழுத்திலிருந்தும்தானே தொடங்குகிறது.

அந்த வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் ஆசிரியை. தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். கணினியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "டீச்சர், இதில இரிக்கிற முக்கியமான சாமானெல்லாம் வேற எங்கயாவது கொப்பி எடுத்து வெச்சிரிக்கீங்களா?" என்றாள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. வாப்பாவின் குரல் அதில்தான் இருக்கிறது. துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டப் பக்கம் வியாபாரம் போன நாட்களை வாப்பா சொல்லச் சொல்ல, மகன் 2019இல் தன் போனில் நான்கு தடவையாகப் பதிவு செய்து கணினியில் போட்டு வைத்திருந்தான். அந்தப் போன் பிறகு உடைந்து போனது. 2021இல் வாப்பாவும் வபாத்தாகிவிட்டார்கள். கடைப் பையன் அழித்துத் தருவதாகச் சொன்னவற்றுக்குள் இதுவும் இருந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அன்றிரவே ஒரு வெளி டிஸ்க்கைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்தாள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே கடக் கடக்கென்று சத்தம் போட்டது. அதற்குள் தட்டொன்று சுழன்றுகொண்டே இருக்கிறது, ஒன்பது வருடத்தில் அது தேய்ந்திருக்கிறது, கணினி மந்தமானதற்கும் பெருங்காரணம் அதுதான் என்றாள். வாப்பாவின் பதிவுகளில் மூன்று முழுதாக வந்தன. நான்காவது ஒன்பது நிமிடத்தோடு நின்றுவிட்டது. உம்மாவைப் பெண் கேட்டுப் போன கதை அது. பாதி வழியில் நிற்கிறது. எவ்வளவு முயன்றும் மீதி கிடைக்கவில்லை. புதிய பணிசெயல் முறைமை ஏறாதது எனக்குக் கவலை தந்தது உண்மை. ஆனால் நான் இழந்தது அதனால் அல்ல, ஒரு பிரதி எடுத்து வைக்காத என் அசட்டையால். வீட்டில் கல்யாணப் படமோ பெற்றோரின் குரலோ ஒரே கணினியில் வைத்திருக்கும் சகோதரிகள் இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் அந்த வேலையைப் பார்த்தால் எனக்குத் திருப்தி.

பிறகுதான் "ஏன் ஏலாது" என்ற கதைக்கு வந்தோம். 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 சில நிபந்தனைகளை வைக்கிறது. நினைவகம் 4 ஜீபீ, டிஸ்க்கில் இடம் 64 ஜீபீ. இவை எங்களுடையதில் இருந்தன. கடவுச்சாவிகளைப் பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் போன்ற டி.பி.எம். 2.0 என்ற ஓர் அம்சமும் வேண்டும். இவற்றுக்கு மேல், அங்கீகரித்த பட்டியலில் உள்ள புரொசசராகவும் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான். கணினியின் விபரப் பக்கத்தில் ஐ5-6200யூ என்று இருந்தது. கோட்டுக்குப் பின்னால் வரும் 6தான் தலைமுறை. 8250 என்றிருந்தால் எட்டு. எங்களுடையது இரண்டு தலைமுறை பிந்திவிட்டது, அவ்வளவுதான். அதற்கு நோயுமில்லை, மரணமுமில்லை.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் இந்த எண்ணைப் பார்த்துக் கொள்வது நல்லது. விற்பவர் சொல்வதை எடைபோட ஒரு படிக்கல்லாவது கையில் இருக்கும்.

ஒக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10 ஓடாமல் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஓடும். ஆனால் கள்ளன் நுழையும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். நாள் போகப் போக ஆபத்துக் கூடும். அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவைப் பூட்டாமல் உறங்குவது போன்றதுதான். இதற்காக 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்புக் கொடுத்திருந்தார்கள். முப்பது டொலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமலே பதியலாம். கடைப் பையன் இதைச் சொல்லவேயில்லை. தெரியாமலும் இருந்திருக்கலாம், பாவம், நான் ஏன் குறை நினைக்க வேண்டும்.

டோஹாவிலிருந்து மகன், நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றும் குறுக்கு வழியொன்று இருக்கிறதென்றான். அப்படி ஏற்றினால் பின்னால் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்பதற்கு உத்தரவாதமில்லை என்று என் மாணவி சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். பிள்ளையின் படிப்பை வைத்துப் பரீட்சை பார்க்க என்னால் ஏலாது.

கடைசியில் சத்தம் போட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டோம். நினைவகத்தையும் 8 ஜீபீயாக்கினோம். எல்லாமாகச் சேர்த்து, கடையில் சொன்ன விலையில் ஆறில் ஒன்றும் ஆகவில்லை. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவேன். இப்போது அதற்கு அவகாசமில்லை. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விண்டோஸ் 10ஐ நீடிப்போடு வைத்தோம். மகளின் கணக்கியல் பாடத்துக்குரிய மென்பொருள் அதில்தான் ஓடும். மறு பாதியில் லினக்ஸ் மின்ட். அது இலவசம், பழைய கணினிகளிலும் ஓடக்கூடியது. ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிந்ததால் எனக்கும் தைரியம் வந்தது.

முதல் நாளே ஒரு சோதனை. என் பழைய மாதிரி வினாத்தாள்களைத் திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. இருபது வருட உழைப்பு பாழாயிற்றென்று அழாத குறை. நான் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தேன். அந்த எழுத்துரு புதியதில் இல்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டும் வித்தை. அந்த ஒரு கோப்பைக் கொண்டுவந்து போட்டதும் 'பொருத்தமான விடையின் கீழ்க் கோடிடுக' என்று என் கேள்விகளெல்லாம் திரும்பி வந்துவிட்டன. இனி எழுதுவதையாவது யூனிகோடில் எழுதுங்கள் டீச்சர் என்று மாணவி கண்டித்தாள். விரல் பழக மறுக்கிறது. நாளைக்கு ஒரு பக்கமென்று பழகிக் கொண்டிருக்கிறேன்.

வீட்டிலுள்ள பழைய பிரிண்டர் மட்டும் மின்ட்டோடு இன்னும் ஒத்துவரவில்லை. எதையாவது அச்செடுக்க வேண்டுமென்றால் விண்டோஸ் பக்கம் போக வேண்டியிருக்கிறது. வாப்பாவின் மூன்றரைப் பதிவுகளையும் டோஹாவுக்கு அனுப்பியிருக்கிறேன். மகனிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். உம்மா வந்திருந்த வெள்ளிக்கிழமை நான்காவதைப் போட்டுக் காட்டினோம். ஒன்பதாம் நிமிடத்தில் குரல் நின்றதும் உம்மா சிரித்துக்கொண்டு, "அதுக்குப் பொறகு நடந்தத நான் சொல்றேன், எழுதிக்கோ" என்றார்கள். மகள் அவசரமாகப் போனை எடுத்துப் பதியத் தொடங்கினாள்.