கிடேபோப் பள்ளத்தாக்கு

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், தென் சூடான் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கிடேபோப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. பரப்பு 1,442 சதுர கிலோமீட்டர். கம்பாலாவில் பணிபுரியும் மைத்துனரின் அழைப்பை ஏற்று, அலுவலகத்தில் அயல்நாட்டுப் பயண அனுமதியும் ஈட்டிய விடுப்பும் பெற்று, குடும்பத்துடன் அங்குச் சென்றோம்.

மழையற்ற மாதங்களில் நீர் நிற்பது நாரூஸ் பள்ளத்தாக்கில்தான். ஆதலின் விலங்குகளும் அங்கேயே திரள்கின்றன. எருமைகள் மந்தை மந்தையாய் மேய்ந்தன. யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு நடந்தன. பாறைமேல் கிடந்த சிங்கம் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. கிடேபோ ஆறோ வெறும் மணல். அதன் கரையில் ஓங்கி நின்ற மரங்களைக் கண்டதும் உள்ளம் துள்ளியது. பனை! நம் பனையின் ஆப்பிரிக்க உறவு. இடைமரம் மட்டும் சற்றே பருத்திருந்தது.

ஆளரவமற்ற அவ்வெளியைக் கண்டோர், மனிதன் வாழாத மண் என்றே எண்ணுவர். ஆனால் ஈக் என்னும் சிறுகுடியினர் அங்கே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தவர்கள். 1958-இல் ஆங்கிலேய ஆட்சி அதனை விலங்குக் காப்பகமாக அறிவித்து, குடிகளை வெளியேற்றியது. 1962-இல் விடுதலை பெற்ற உகாண்டா அதனைத் தேசியப் பூங்கா ஆக்கியது. நிலமிழந்த ஈக் மக்களைப் பஞ்சம் வாட்டியது. அந்நிலையில் அவர்களைக் கண்ட மானிடவியலார் காலின் டர்ன்புல், அன்பு வற்றிய கூட்டம் என 1972-இல் நூலெழுதி உலகறியச் செய்தார். மொழியறிஞர் பெர்ன்ட் ஹைனே 1985-இல் அதனை மறுத்துரைத்தார்.

அறிவிக்கைகளைத் தட்டச்சுச் செய்து, ஒப்புநோக்கி, அனுப்புவதே எழுத்தராகிய எங்கள் பிழைப்பு. அவற்றில் பரப்பளவு இருக்கும், நான்கெல்லை இருக்கும், அங்கே எரிந்த அடுப்புகளின் கணக்கு மட்டும் இராது.

மறுநாள் வழிகாட்டியுடன் மொருங்கோலே மலையேறி, ஈக் சிற்றூர் ஒன்றை அடைந்தோம். சுள்ளி வேலியில் தவழ்ந்து புகும் அளவே வாயில். உள்ளே ஒரு மூதாட்டி தேனடையைப் பிட்டு முதலில் எங்கள் மகளுக்கு நீட்டினார். பின்னரே தம் பேரர்களுக்கு. எங்களுக்கு அவர் மொழி தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் அப்போது எழவில்லை.

நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு அண்டைக் குடிகளுக்குச் சேரவேண்டும் என்பது இன்று உகாண்டாவின் சட்டம். விலங்குகளைக் காக்கத்தான் வேண்டும். அதன் விலையை ஒரு சிறுகுடியே தனித்துக் கொடுப்பது அறமாகாது. கிடேபோ செல்லும் அன்பர்கள் சிங்கத்துக்கு ஒதுக்கும் நாள்களில் ஒன்றை அம்மலைக்கும் ஒதுக்குவார்களாக.