ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்

அப்பா வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். நாகர்கோவில் வடசேரியில், ஒரு ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே கடை. உள்ளே அவர் உட்கார்ந்த பிறகு மிச்சமிருப்பது ஒரு குடை வைக்கிற இடம்தான். திங்கள் முதல் சனி வரை வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு எச்.எம்.டி. கடிகாரங்களின் வயிற்றுக்குள் குனிந்திருப்பார். இரவு வீட்டுக்கு வந்ததும், எதிரே நிற்கிற அம்மாவையே கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று விடிவதற்கு முன்பே என் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டுவார்.

"லேய், எந்தி. முட்டம் போவோம்."

சந்தையில் கிடைக்காத மீனா என்று அம்மா ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள். "மீனுக்கா போறேன்? கண்ணுக்குக் கொஞ்சம் தூரம் வேணும்" என்பார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சோறு வடித்து, பழைய குழம்பைத் தனியே ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுப்பாள். மீன் வரும் என்று நம்பி அவள் ஒரு ஞாயிறும் மசாலா அரைத்ததில்லை.

எண்பதுகளின் முதல் பாதி அது. நாகர்கோவிலிலிருந்து முட்டத்துக்குப் பதினாறு பதினேழு கிலோமீட்டர்தான். வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை என்று தென்னையும் வாழையும் குளங்களுமாக வரும் வழி, கடைசியில் சட்டென்று சிவந்துவிடும். செம்மண் மேடு. அதன் உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம். மேட்டின் அடியில் கோயில் தேர் அளவில் சில பாறைகள், ஆட்டுரல் அளவில் சில, இரண்டுக்கும் நடுவே கணக்கில்லாதவை. கடல் அவற்றுக்குள் புகுந்து எங்கோ அடியில் 'கொடக் கொடக்' என்று குடம் கழுவும்.

அந்தப் பாறைகளில் எங்களுக்கு முன்பே ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. ஊரே பாட்டா என்றது, நானும் பாட்டா என்றேன். நாற்பது வருடம் கட்டுமரத்தில் போனவர். உப்புக்காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்திருந்தது. கிட்டத்துப் பொருள் எதுவும் அவருக்குத் துலங்காது. தூண்டில் முள்ளின் காதுக்குள் நூல் கோர்க்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தவரிடமிருந்து அப்பா அதை வாங்கிக் கோர்த்துக் கொடுத்ததுதான் இருவருக்குமான முதல் பழக்கம். அதற்குப் பிறகு வருகிற ஞாயிறெல்லாம், வந்து உட்கார்ந்ததும் பாட்டா மடியை அவிழ்த்து நாலைந்து முள்ளை நீட்டுவார்.

"வாச்சுகாரரே, இந்தா இதக் கெட்டித் தாரும்."

ஹேர்ஸ்பிரிங்கைப் பிடித்துப் பழகிய விரல். தங்கூஸ் நூலை முள்ளின் தண்டில் ஆறு சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினால் முடிச்சு ஒரு கடுகளவுதான் தெரியும். பாட்டா அதை நகத்தால் நெருடிப் பார்த்துத் தலையாட்டுவார். பதிலுக்கு அவர் கடலைப் படித்துச் சொல்வார். பக்கத்தில் இருக்கிற என் முகம் அவருக்குப் புகை. ஆனால் அரை மைலுக்கு அப்பால் தண்ணீரின் நிறம் மாறினால் தெரிந்துவிடும். "நீவாடு கெழக்க பாயுது. இங்கண போடாதயும், அந்தப் பொடவுக்கு அந்தாக்குல போடும்" என்பார். நீவாடு என்றால் நீரோட்டம் என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆயிற்று.

முட்டம் கத்தோலிக்க மீனவர் ஊர். ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், வள்ளமெல்லாம் கரையில் கிடக்கும். பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு நேரே பாறைக்கு வந்துவிடுகிற பாட்டாவை யாராவது, 'ஞாயிறும் அதுவுமா தொழில் செய்யலாமா' என்று சீண்டினால் அவருக்குக் கோபம் வரும். "இது தொழிலாலே? கடல்ல போனாத்தான் தொழிலு. இது சும்மா இருக்கது." சும்மா இருப்பதற்கு எதற்குத் தூண்டில் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தூண்டில் இல்லாம சும்மா இருந்தா, வீட்டுல வேல சொல்லுவா" என்றார். அப்பா அன்று சிரித்த மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எங்களிடம் கம்பு, சக்கரம் எதுவும் கிடையாது. ஒரு காலி பாட்டிலில் சுற்றிய தங்கூஸ் நூல், முள், அடியில் ஒரு பாரம், அவ்வளவுதான். கடையில் விற்கிற ஈயக்குண்டு பாறை இடுக்கில் மாட்டினால் போனது போனதுதான் என்பதால், ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட ஸ்பார்க் பிளக்குகளை அப்பா வாங்கி வைத்திருப்பார். அதிலும் ஒரு சூட்சுமம். பிளக்கை மட்டும் தையல் நூலால் கட்டுவார். பிளக் இடுக்கில் சிக்கினால் இழுத்த இழுப்பில் தையல் நூல் அறுந்து, முள்ளும் மீனும் பத்திரமாக வரும். இரை பெரும்பாலும் சாளைத் துண்டு. சாளைச் சதை மெத்தென்றிருப்பதால் அலை அடித்ததுமே முள்ளை விட்டுக் கழன்றுவிடும். முதல் நாளே உப்பில் போட்டு இறுக வைத்து, முள்ளோடு சேர்த்து அதையும் நூலால் சுற்றிவிட வேண்டும்.

தெளிந்த தண்ணீரில் மீன் கிடைக்காது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெள்ளை நுரை பொங்குகிற இடத்தில்தான் போட வேண்டும். அலை பாறையை அறையும்போது ஒட்டியிருக்கிற சிறு நண்டும் சிப்பிக் குஞ்சும் பெயர்ந்து விழும், அதைத் தின்ன மீன் வரும், நுரைக்குள் அதற்கு நூலும் தெரியாது, நம் நிழலும் தெரியாது. நூலை இழுத்துக் கட்டக்கூடாது. ஆள்காட்டி விரலின் மேல் லேசாகக் கிடக்க வேண்டும், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. கீச்சான் கதவைத் தட்டுவதுபோல் டக் டக்கென்று தட்டும். தூக்கினால் கையிலேயே 'கீச் கீச்' என்று கத்தும், பெயரே அப்படி வந்ததுதான். கலவா தட்டாது. மென்று முழுங்கிக்கொண்டு தன் பொந்துக்குள் போய்விடும், அதற்குள் இழுத்தால்தான் உண்டு. பாறை மீன் கடித்தால் பேச்சே இல்லை, நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடும். பாறைமேல் நின்று பாறை பிடித்தோம் என்று அப்பா சொல்வதற்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று வாய்ப்புதான் கிடைத்தது. பேத்தை வந்தால் எதுவுமே தெரியாது. நூல் இலேசாகும், இழுத்துப் பார்த்தால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி முள் இருக்காது. தப்பித் தவறி மாட்டினாலோ மேலே வந்ததும் பந்தாக ஊதிக்கொண்டு நம்மை முறைக்கும். விஷ மீன், திருப்பித் தண்ணீரில் போட வேண்டியதுதான்.

அலைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் எங்களுக்குள் சைகை இருந்தது. விரலால் தொடையைத் தட்டினால் கீச்சான். வாயை அகலத் திறந்தால் கலவா. இரண்டு கன்னத்தையும் உப்பிக்காட்டினால் பேத்தை. சைகைகளில் அதிகம் புழங்கியது கன்னம்தான்.

மீன் கடிக்காத நேரம் என்று ஒன்று உண்டு. உண்மையில் பெரும்பாலும் அந்த நேரம்தான். வெயில் ஏறியதும் பாறையை விட்டு இறங்கி, பக்கத்து மணல் திட்டுக்குப் போவோம். அலை உடைகிற இடத்துக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும், தண்ணீர் அங்கே கொஞ்சம் கருத்துத் தெரியும். அதில் போட்டால் கிழங்கான் கிடைக்கும். இரைக்கு, அலை திரும்புகிறபோது மணலுக்குள் பின்பக்கமாகப் புதைந்துகொள்கிற விரல்நுனி அளவுப் பூச்சிகளை நான் தோண்டுவேன். ஒருநாள் அப்பா சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து என் கண்ணில் வைத்து, உள்ளங்கை மணலைக் காட்டினார். தூரத்தைப் பார்க்க வந்த மனிதர் அதை ஏன் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. மணல் என்று ஒரு நிறமே இல்லை அங்கே. கறுப்பு, கண்ணாடி, நடுநடுவே மாதுளை முத்து மாதிரிச் சிவப்பு. "இந்தச் செவப்பு கார்னெட்டு. பதினேழு கல் வாச்சுக்குள்ள இருக்குல்லா, அந்தக் கல்லுக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்றார்.

அந்த மணலின் கதை பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. 1909இல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அன்று எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. அடுத்த ஊர்களில் ஒன்றான மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அப்படித்தான். கயிற்றை உதறிவிட்டுப் போயிருந்தால் ஊர்க் கதையே வேறு.

ஆனி, ஆடியில் போகமாட்டோம். தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பாறைகளின் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது, நுரை மேடு வரை ஏறும். அந்த இரண்டு மாதமும் அப்பா வீட்டு முற்றத்தில் முள்ளைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். மழை ஓய்ந்ததும் பாறையில் சிப்பி எடுக்கிற பையன்கள் வந்துவிடுவார்கள். ஒரு கூறு வாங்கி, திரும்புகிற வழியில் யார் வீட்டிலாவது அவித்துத் தின்போம், மரச்சீனிக் கிழங்கோடு. அம்மாவுக்கு அது தெரியாது.

பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' 1981இல் வந்தது. 1986இல் 'கடலோரக் கவிதைகள்'. இரண்டுக்கும் முட்டம்தான் களம். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஞாயிறு ஆனால் பஸ் பஸ்ஸாக ஆட்கள், பாறைக்குப் பாறை ஜோடி. ஸ்பார்க் பிளக்கைத் தலைக்கு மேல் சுழற்றி எறிகிறவனுக்குப் பின்னால் ஒரு காதல் ஜோடி நிற்பது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று எறிந்தவனுக்குத்தான் தெரியும். "பாக்கியராஜா, பாரதிராஜா எவனோ வந்து நம்ம கடலக் கெடுத்துட்டான்" என்று அப்பா முணுமுணுத்தபடி கடியபட்டணம் பக்கமாகத் தள்ளிப்போனார். இரண்டு படத்தையும் கடைசிவரை பார்க்கவில்லை. பாட்டா பார்த்தார், இரண்டு தடவை. "நம்ம பாறைய நல்லா எடுத்திருக்கான்" என்றார்.

பாறையில் உட்காருவதற்குப் பாட்டாவிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. வந்ததும் இறங்கக்கூடாது. மேலே நின்று ஒரு வெற்றிலை போடுகிற நேரம் கடலைப் பார்க்க வேண்டும். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை, சிறியவையாக வந்துகொண்டே இருந்துவிட்டு மூன்று நான்கு பெரியவை கூட்டமாக வரும். அந்தப் பெரியவை எதுவரை நனைக்கின்றன என்று பார்த்து, அந்த ஈரத்துக்கு மேலேதான் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும், "கடலுக்கு முதுகு காட்டப்பிடாது மக்கா. மாடு முட்டுகதுக்கு முன்னால மூச்சாவது விடும். இது அதுவும் விடாது." சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென்று எழும்பி உள்ளே வரும். கள்ளக்கடல் என்பார் பாட்டா. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள், ஹைதராபாத்திலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது. 2024 மே 6 அன்று, முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையோடு போனார்கள். டி.வி.யில் அந்தச் செய்தி ஓடியபோது அப்பா எழுந்துபோய் முற்றத்தில் நின்றுகொண்டார்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26உம் ஞாயிற்றுக்கிழமைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பஸ் கூட்டமாக இருக்கும் என்று அப்பா போகவில்லை. குளச்சலிலும் மணக்குடியிலும் நடந்ததைப் பற்றி நான் எழுத எதுவும் இல்லை, இழந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டா அதற்குப் பல ஆண்டு முன்பே, மூச்சுத் திணறி, கயிற்றுக் கட்டிலில் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் போனபோது மடியில் எட்டு முள் இருந்ததாம், எட்டும் அப்பா கட்டியவை. பேரன் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனான்.

குவார்ட்ஸ் கடிகாரம் வந்து ரிப்பேர் தொழில் மெல்ல நின்றது. அப்பாவின் கண்ணிலும் புரை விழுந்து, போன வருடம் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து, ஒரு தை மாத ஞாயிறில், "முட்டம் போவோமா லே?" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, காலைப் பிடித்து ஆட்டவில்லை, போன்தான்.

காரில் போனோம். அவரால் பாறைக்கு இறங்க முடியவில்லை. மேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வெற்றிலை நேரம் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் தலையை ஆட்டிய பிறகு இறங்கினேன். பழைய பாட்டில், புது நூல், மடியில் பாட்டாவின் எட்டு முள்ளில் ஒன்று. நடு நுரையில் விழுமாறு எறிந்தேன், தோளில் வலி. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பின்னால் அவ்வப்போது ஒரு கைத்தட்டல் கேட்கும். திரும்பாதே, கடலைப் பார் என்று அர்த்தம்.

பிறகு விரலில் எதுவோ நெருடியது. தட்டவில்லை, ஓடவில்லை. இழுத்தேன், வந்தது. மேட்டிலிருந்து அப்பா கையை விரித்து, என்ன மீன் என்று கேட்டார்.

பக்கவாட்டில் நின்று, ஒரு கண் கடலில் இருக்க, நான் இரண்டு கன்னத்தையும் உப்பிக்காட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்துவிட்டது. நாற்காலியில் தொப்பி ஆட ஆடச் சிரித்தார்.