முடக்குவாதமும் எங்கள் இல்லமும்

உழைத்து வாழும் மக்களுக்குக் கைகளே முதல். பால்மரம் வெட்டுவோர்க்கும் செம்பனைக் குலை அறுப்போர்க்கும் விரல்கள் மடங்கி நிமிர்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அத்தகைய கைகளையே நாடிப் பற்றும் நோய் ஒன்று உண்டு. அதனை முடக்குவாதம் என்பர். 1996ஆம் ஆண்டு முதல் எங்கள் இல்லம் இந்நோயோடு வாழ்ந்து வருகிறது. எங்கள் அன்னையார் பட்ட துன்பமும், அதன்வழி நாங்கள் அறிந்துகொண்ட உண்மைகளும் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறோம்.

அன்னையார் இளமை முதலே பால்மரம் வெட்டியவர். அவருடைய நாற்பத்திரண்டாம் வயதில் நோய் தலைகாட்டியது. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் விரல்கள் வெட்டுக் கத்தியைப் பற்ற மறுத்தன. இரு கைகளிலும் விரல் கணுக்கள் ஒன்றுபோல் வீங்கின, தொட்டால் சுட்டன. ஒரு மணி நேரத்திற்கு மேல் சென்ற பின்னரே கை ஓரளவு இளகும். “பனியில் நடந்ததால் வந்த வாயு” என்றனர் சிலர். “வயது ஏறுகிறதல்லவா?” என்றனர் வேறு சிலர். “வேலைக்கு வரச் சோம்பல்” என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் உண்டு. வீக்கத்தினும் அச்சொல்லே அன்னையாரை மிகுதியாக வருத்திற்று.

சிகிச்சைக்குச் சென்ற ஓரிடத்தில் ஓராண்டுக்கும் மேலாக வலி தணிக்கும் ஊசி மட்டுமே போட்டு அனுப்பினர். அதற்குள் வலக்கை விரல்கள் இரண்டு கோணிவிட்டன. பின்னர் அரசாங்க மருத்துவமனையில் இரத்தம் சோதித்து, எக்ஸ்ரே படம் எடுத்து, நோய் இன்னதென்று கூறினர். கோணிய விரல்கள் மீண்டும் நிமிரவில்லை. ஏனைய எட்டு விரல்களை மருந்து காத்தது. காலத்தே மருத்துவம் செய்வதன் அருமையை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க எங்களால் இயலாது.

முடக்குவாதம் என்பது யாது? நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் ஒன்று உள்ளது. காவற்காரன் திருடனை விட்டு வீட்டாரையே அடிப்பதுபோல், அவ்வாற்றல் மூட்டின் உட்புறத்து மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. சோர்வும் இரத்தச்சோகையும் உடன் வருவதுண்டு. கண், நுரையீரல், இதயம் ஆகியவற்றையும் இந்நோய் தாக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. இது தொற்றுநோய் அன்று. பனியாலோ முன்வினையாலோ வருவதும் அன்று. புகைபிடித்தல் இந்நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கிறது. வந்த நோயையும் கடுமையாக்குகிறது.

மூட்டுவலி எல்லாம் முடக்குவாதம் ஆகாது. முதுமையில் முழங்கால் தேய்வதால் வரும் வலி, நடக்க நடக்க மிகுந்து ஓய்வில் தணியும். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் நீங்கிவிடும். யூரிக் அமிலத்தால் வரும் கௌட் நோயோ, பெரும்பாலும் கால் பெருவிரலில் திடீரெனக் கடும் வலியாய்த் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆகவே, பக்கத்து வீட்டார் உண்ட மாத்திரையை நாமும் உண்பது தகாது. பதிவு பெறாத சில மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்படுவதைப் பற்றி நம் நாட்டுச் சுகாதார அமைச்சு எச்சரித்துள்ளது. உடனே வலி பறந்தது என்று மகிழ்வோர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

முடக்குவாதத்தை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது மீத்தோட்ரெக்சேட். இது வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. ஆதலால் எங்கள் இல்லத்து நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைதோறும் சிவப்பு வட்டம் இட்டோம். மருந்து உறையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் பணி பள்ளியில் பயிலும் பேரப்பிள்ளையுடையது. மற்றொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை. கருவுற்ற தாய்மார் மீத்தோட்ரெக்சேட்டை உண்ணலாகாது.

மருந்தோடு வாழ்க்கை முறையும் மாறிற்று. காலையில் வெதுவெதுப்பான நீரில் கைகளை அமிழ்த்தி, விரல்களை மெல்ல விரித்து மடக்குவார் அன்னையார். திருகும் தண்ணீர்க் குழாயை நீக்கி, தள்ளினால் திறப்பதைப் பொருத்தினோம். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினோம். வாளியில் பாதி நீரே நிரப்புவோம். தேங்காய் துருவுவதும் துணி பிழிவதும் தந்தையார் பணியாயின. “ஆண்பிள்ளை துணி பிழிவதா?” என்று நகைத்தோர் உண்டு; தந்தையார் பிழிவதை நிறுத்தவில்லை.

மாணவச் செல்வங்களே! இந்நோயின் இனத்தைச் சேர்ந்த மூட்டு அழற்சி, பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்கும் வருவதுண்டு. காலையில் நொண்டி வரும் பிள்ளை நண்பகலில் ஓடி விளையாடக்கூடும். அதனைக் கண்டு, அப்பிள்ளை நடிக்கிறது என்று எள்ளாதீர். பெற்றோர்களே! ஆறு வாரமாகியும் மூட்டு வீக்கம் நீங்காத பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். வலியே இல்லாமல் கண்ணில் அழற்சி தோன்றுவதும் உண்டு. ஆதலால் கண் பரிசோதனையும் இன்றியமையாதது. அத்தகைய பிள்ளைக்கு எழுத்துவேலையில் சற்றுக் கூடுதல் நேரம் தருதல் ஆசிரியர்க்கு அழகு.

நோய் விரலை வளைக்கலாம். ஊக்கத்தை வளைக்க இயலாது. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிய பின்னரும், பிறர் கையில் வைத்த தூரிகையைப் பற்றி ஓவியம் தீட்டினார். 1919இல் மறையும்வரை அப்பணியை விடவில்லை. 1967இல் மனிதர் ஒருவரின் இதயத்தை முதன்முதலாக மற்றொரு மனிதர்க்குப் பொருத்திய தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ்தியன் பர்னார்ட், இந்நோய் தம் கைகளில் இருந்தபோதே அச்சாதனையைச் செய்தவர்.

எங்கள் அன்னையார் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். வெட்டுக் கத்தியை அவர் என்றோ கீழே வைத்துவிட்டார். ஆயினும், தம் கையாலேயே சோறு பிசைந்து உண்கிறார், பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறார்.

காலை விறைப்பும் இரு கை வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால் காலம் தாழ்த்தாதீர். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தோட்டத்தில் ஒருவர் கைவலியால் பின்தங்கினால், சோம்பல் என்று சொல்லுமுன் அவர் கையைப் பாருங்கள். அவருடைய நிரையில் ஒரு வாளியைத் தூக்கிக் கொடுங்கள். உழைக்கும் கைகளைக் காப்போம், நலமுடன் வாழ்வோம்!