இளம் வாசகரின் கோபம்

பதின்ம வயதினர் எதனை வாசிக்கலாம், எதனை வாசித்தலாகாது என்பது பற்றி மூத்தோர் அபிப்பிராயம் கூறுதல் எங்கும் உள்ள வழக்கம். வாசித்து முடித்த பின்னர் அவ்விளையோர் என்ன கூறுகின்றனர் என்பதைச் செவிமடுப்போர் மிகச் சிலரே. ஜோடி பிக்கோ என்னும் அமெரிக்க நாவலாசிரியை 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மை சிஸ்ரர்ஸ் கீப்பர்' என்ற நாவலுக்கு நேர்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும். வளர்ந்தோருக்கென எழுதப்பட்ட அந்நாவல், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகரையும் சிறப்பாகக் கவரவல்லது எனக் கருதப்பட்டு, 2005 இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் அலெக்ஸ் விருதைப் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2009 இல் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் மிகுதியும் ஆட்சேபிக்கப்பட்ட பத்து நூல்களின் பட்டியலை அதே சங்கம் வெளியிட்டபோது, இந்நாவலும் அதில் இடம்பெற்றது. ஆட்சேபித்தோர் காட்டிய காரணங்களுள் ஒன்று, நூல் வாசிப்போரின் வயதுக்கு ஒவ்வாதது என்பதாகும். விருது வழங்கியோரும் மூத்தோர். விலக்க முற்பட்டோரும் மூத்தோர். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று நூலை வாசித்த இளையோரின் கருத்துக்கள் இலக்கிய விமர்சனம் என்ற அளவில் எடைபோடத் தக்கவையா என்பதே இங்கு நோக்கற்பாலது.

கதையைச் சுருங்கக் கூறுதல் அவசியம். அன்னாவுக்கு வயது பதின்மூன்று. அவளுடைய தமக்கை கேற் இரண்டு வயதிலேயே குருதிப் புற்றுநோயின் அரிய வகையொன்றுக்கு ஆளானவள். குடும்பத்தில் எவருடைய இழையமும் கேற்றுக்குப் பொருந்தவில்லை. ஆதலின், பொருத்தமான முளையத்தைத் தெரிந்து கருவுற்று, பெற்றோர் அன்னாவைப் பெற்றெடுக்கின்றனர். பிறந்த அன்றே அவளுடைய கொப்பூழ்க்கொடிக் குருதி தமக்கைக்குச் செல்கிறது. பின்னர் வெண்குருதிக் கலங்களும் என்பு மச்சையும் செல்கின்றன. இறுதியில் சிறுநீரகம் ஒன்று வேண்டும் என்ற நிலை வருகிறது. அப்போது அன்னா ஒரு சட்டத்தரணியை நாடிச் சென்று, தன் உடல் பற்றி முடிவு செய்யும் உரிமையைத் தனக்கே தரவேண்டும் எனப் பெற்றோருக்கு எதிராக வழக்குத் தொடுக்கிறாள். முன்னர் சட்டத்தரணியாகவிருந்த தாய் சாரா, பெற்றோர் தரப்பில் தானே தோன்றி வாதாடுகிறாள். தந்தை பிறையன் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவன். அவனுடைய மகன் ஜெஸியோ, எவராலும் கவனிக்கப்படாது வளர்ந்து, ஊரிலுள்ள கட்டடங்களுக்கு இரகசியமாகத் தீயிடுகிறான். விவிலியத்திலே தம்பியைக் கொன்ற காயீன், தான் தம்பிக்குக் காவலாளியோ எனத் தட்டிக்கழித்து வினவுகிறான். அவன் தட்டிக்கழித்த அந்தப் பொறுப்பே, பிறக்கும் முன்னரே விதிக்கப்பட்ட கடனாக, நாவலின் தலைப்பிலே அன்னாவின் தோளில் ஏற்றப்படுகிறது.

இந்நாவலைப் பற்றி இளம் வாசகர் கூறுவனவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து நான்கு கருத்துக்கள் மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம். அன்னாவின் பக்கமே நியாயம் என்பது ஒன்று. தாயை மன்னிக்க இயலாது என்பது மற்றொன்று. ஜெஸிக்காக எவரும் வழக்குத் தொடுக்கவில்லையே என்ற ஆதங்கம் மூன்றாவது. முடிவு ஏமாற்றிவிட்டது என்ற கோபம் நான்காவது. முதல் மூன்றும் நாவலினுள்ளே விடை காணக்கூடியவை. நான்காவது நாவலையே எதிர்த்து நிற்பது.

தாயின் மீதான தீர்ப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அன்னா, பிறையன், சாரா, ஜெஸி, சட்டத்தரணி கம்பெல், பிள்ளையின் நலனை ஆராய நீதிமன்றம் நியமித்த ஜூலியா ஆகியோர் மாறி மாறித் தத்தம் குரலிலே கதை சொல்லுமாறு நாவல் அமைந்துள்ளது. ஏனையோர் வழக்கு நடைபெறும் நாட்களைப் பற்றிப் பேச, சாரா மட்டும் நோய் கண்டறியப்பட்ட காலத்திலிருந்து தொடங்கிப் பழைய ஆண்டுகளினூடாக நடந்து வருகிறாள். இவ்வுத்தியின் பயனாக, தொடக்கத்தில் அவளைக் கொடியவள் எனக் கண்ட வாசகர், ஒவ்வொரு இரவும் ஒரு குழந்தை சாகாமலிருக்கக் கண்விழித்திருந்த பெண்ணாகவும் அவளைக் காண நேர்கிறது. இளையோர் பலர் தம் தீர்ப்பை இவ்விடத்தில் திருத்திக்கொள்கின்றனர். சிலர் திருத்த மறுக்கின்றனர். அவர்களது மறுப்பிலும் பொருளுண்டு. தீப்பற்றிய வீட்டில் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஓடுபவள் மற்றப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதிருத்தல் இயல்பே. ஆனால் அந்தத் தீ பதின்மூன்று ஆண்டுகள் எரிந்தால், திரும்பிப் பாராமை ஒரு கண நேரத்துத் தவறாக இராது. அதுவே அக்குடும்பத்தின் ஒழுங்காகிவிடும். நீண்ட நோயுள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதனை விளக்கமின்றியே அறிவர். நோயாளிக்கு ஊட்டப்படும் வேளையில் தமக்குப் பசிக்கிறது எனக் கூற வெட்கப்படும் பிள்ளைகள் எத்தனையோ பேர். தமக்கை இறந்தால் தனக்கு விடுதலை கிடைக்கும் என எண்ணியதுண்டு என்று அன்னா ஒப்புக்கொள்ளும் இடம் இளம் வாசகரை உலுக்குவதற்கும் இதுவே காரணம். தாம் எவரிடமும் கூறாத ஒன்றை அச்சிலே காணும்போது உண்டாகும் அதிர்ச்சி அது.

இனி முடிவுக்கு வருவோம். வழக்கைத் தொடுக்குமாறு கேட்டவள் கேற்றே என்பதும், மேலும் சிகிச்சை பெற அவளே விரும்பவில்லை என்பதும் நீதிமன்றத்தில் வெளிப்படுகின்றன. அன்னா வெல்கிறாள். அவள் பதினெட்டு வயதை அடையும்வரை மருத்துவ விடயங்களில் முடிவெடுக்கும் அற்றோணித் தத்துவம் கம்பெலிடம் ஒப்படைக்கப்படுகிறது. நீதிமன்றத்திலிருந்து புறப்பட்ட வாகனம் விபத்துக்குள்ளாக, அன்னாவுக்கு மூளைச்சாவு நேர்கிறது. கம்பெல் தன்னிடமுள்ள அதிகாரத்தைக் கொண்டு அவளுடைய சிறுநீரகத்தைக் கேற்றுக்கு வழங்கச் சம்மதிக்கிறான். கேற் பிழைத்து வாழ்கிறாள்.

இம்முடிவே இளம் வாசகரைக் கொதிக்கச் செய்கிறது. சிறுவயதிலே இதனை வாசித்த தம் மகன் அழுது, தம்முடன் பேசவும் மறுத்து, ஏன் இவ்வாறு முடித்தீர்கள் எனக் கேட்டதாக நாவலாசிரியையே கூறியுள்ளார். 2009 இல் நிக் கசவெற்றிஸ் நெறியாள்கையில் வெளிவந்த திரைப்படம் முடிவைத் தலைகீழாக்கியது. அதில் கேற் இறக்கிறாள், அன்னா வாழ்கிறாள். நாவலாசிரியை இம்மாற்றத்தை விரும்பவில்லை. ஆயினும், நாவலின் முடிவை வெறுத்த இளையோர் யாவரும் திரைப்படத்தின் முடிவை ஏற்றுக்கொண்டனர் எனக் கருதுதல் தவறு. அது இலகுவான துயரம் என்று அதனையும் குறைகூறுவோர் உளர். ஆகவே, இளையோர் இன்பியல் முடிவையே வேண்டுவர், துன்பத்தைத் தாங்கார் என்ற வழமையான விளக்கம் இங்கு பொருந்தவில்லை. அவர்கள் மரணத்தை எதிர்பார்த்தே நூலைத் திறந்தவர்கள். அவர்களுடைய ஆட்சேபம் மரணத்தைப் பற்றியதன்று. அது வந்த வழியைப் பற்றியது.

துன்பியலின் நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று அவசியத்தாலோ நிகழத்தகுமை காரணமாகவோ பிறத்தல் வேண்டும் என அரிஸ்ரோட்டில் தம் கவிதையியலில் வற்புறுத்தினார். அந்நூலின் பெயரையே கேள்வியுறாத பதினைந்து வயது வாசகர், நூல் முழுவதும் கேட்ட கேள்விக்கு ஒரு வாகன விபத்து விடையாகுமா எனக் கேட்கும்போது, அதே நியாயத்தையே எழுப்புகின்றார். தன் உடல் தன்னுடையது எனத் தீர்ப்புப் பெற்ற அன்னா, அத்தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள்? தமக்கைக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்திருப்பாளா, மறுத்திருப்பாளா? கொடுத்திருந்தால், அவள் வாழ்வில் முதன்முறையாக அது கொடையாக இருந்திருக்கும். அதுவரை எடுக்கப்பட்டவை எவையும் கொடைகளல்ல. ஆம் எனவோ இல்லை எனவோ கூறும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்த அன்றே பறிபோயிற்று. அவளுக்காக மீண்டும் வளர்ந்த ஒருவரே பேசினார். இளம் வாசகரின் கோபத்தின் ஊற்று இதுவே.

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல் வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறுகிறது: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். அழுகைக்கு அது கூறும் காரணங்கள் வேறு. இழப்பு அவற்றுள் ஒன்று. அன்னாவின் கதையை வாசிப்போர் இழப்பின் பொருட்டு அழுவதோடு நின்றுவிடுவர் என எதிர்பார்க்கப்படுகிறது. இளையோர் நிற்பதில்லை. சிறுபிள்ளையின் உறுப்பு அவள் உளம் அறியாது கொள்ளப்பட்டமைக்கு எழவேண்டிய மெய்ப்பாடு அழுகை மட்டுமன்று என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர். அழவைக்கும் நூல் என இதனை ஒதுக்கிய விமர்சகரும், அழவைக்கும் நூல் எனப் போற்றிய விளம்பரக்காரரும் இந்த வேறுபாட்டைக் காணத் தவறினர்.

எழுப்பப்பட்ட கேள்வி வெறும் கற்பனையும் அன்று. 2000 ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த குடும்பமொன்றில், அரிய குருதிநோயுற்ற தமக்கைக்குப் பொருந்துமாறு தெரியப்பட்ட முளையத்திலிருந்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவனுடைய கொப்பூழ்க்கொடிக் குருதி அவளுக்கு ஏற்றப்பட்டது. அக்குருதி பிறப்பின் பின் வீசப்படுவதே ஆதலின், குழந்தைக்குத் தீங்கில்லை. தீங்கும் வலியும் நேரக்கூடிய இடங்களில் நீதிமன்றங்கள் தயங்கியுள்ளன. 1978 இல் பென்சில்வேனியாவில், இறக்கும் நிலையிலிருந்த ஒருவருக்கு என்பு மச்சை வழங்குமாறு அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரைக் கட்டாயப்படுத்த நீதிபதி மறுத்தார். 1990 இல் இலினோய் மாநில உயர்நீதிமன்றம், குருதிப் புற்றுநோயுற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்காக, தந்தை வழியில் அவனுக்குச் சகோதரரான மூன்றரை வயது இரட்டையரைச் சோதனைக்கு உட்படுத்துமாறு தந்தை கேட்டதை ஏற்கவில்லை. அவர்களை வளர்த்த தாய் அதற்கு இசையவில்லை. முதல் வழக்கில் வளர்ந்தவர் தமக்காகத் தாமே மறுத்தார். இரண்டாவதில் மழலைகளுக்காகத் தாய் மறுத்தாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வயதில், மறுக்கும் அறிவு இருந்தும் மறுக்கும் உரிமை இல்லாத நிலையில், அன்னா நிற்கிறாள். அவளை வாசிக்கும் இளையோரும் அங்கேயே நிற்கின்றனர்.

அன்னாவின் பக்கம் நின்று பேசும் இவர்கள் காணத் தவறுவது ஒன்றுண்டு என்றால், அது கேற்றின் மௌனமாகும். ஆறு பேர் அவளைப் பற்றிப் பேசும் நாவலில், நோயைச் சுமப்பவள் தன் பெயரில் பேசுவது முடிவுரையில் மட்டுமே. அவளுடைய விருப்பமும் தங்கையின் வாய்மொழியாகவே மன்றேறுகிறது. இதனையும் சுட்டிக்காட்டும் இளம் வாசகர் சிலர் இல்லாமலில்லை. 2012 இல் வெளிவந்த ஜோன் கிறீனின் 'த ஃபோல்ற் இன் அவர் ஸ்ரார்ஸ்' நாவலில் புற்றுநோயுற்ற பதினாறு வயதுப் பெண் தன் கதையைத் தானே கூறுகிறாள். அந்நூல் பெற்ற வரவேற்பு, நோயாளியைப் பிறர் கண்ணீருக்குரிய பொருளாக அன்றிப் பேசும் மனிதராகக் காணவே இளையோர் விரும்பினர் என்பதைப் புலப்படுத்தும். ஆழ்ந்து நோக்கின், அன்னாவுக்காக எழுந்த கோபமும் கேற்றுக்காக எழும் இக்குறையும் ஒன்றே. இரு சகோதரிகளுக்கும் வேண்டியது தம் உடலைப் பற்றிய பேச்சில் தமக்கும் ஓர் இடம். ஒருத்தி கொடுக்க மறுக்கும் உரிமையைக் கேட்டாள். மற்றவள் பெற மறுக்கும் உரிமையைக் கேட்டாள்.

முடிவுக்கு ஆதரவாகக் கூறத்தக்க நியாயம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை இறந்துவிடுவாள் என்ற அச்சத்தில் பதின்மூன்று ஆண்டுகள் காவலிருந்த குடும்பம், எவரும் காவலிராத மற்றப் பிள்ளையை இழக்கிறது. வாழ்க்கை இத்தகைய கொடிய முரண்களை அறியாததன்று. எளிய விடைகளற்ற கதைக்கு எளிய முடிவைத் தர விரும்பவில்லை என்ற நாவலாசிரியையின் நிலைப்பாடும் மதிக்கத்தக்கதே. எனினும், வாழ்க்கையில் நிகழ்கிறது என்பது கலையில் அது போதுமானது என்பதற்குச் சான்றாகாது. கடினமான கேள்வியைக் கேட்டவர், அதன் கடினத்தை இறுதிவரை தாங்கவேண்டும் என எதிர்பார்க்க வாசகருக்கு உரிமையுண்டு.

இளையோரின் இத்தகைய கருத்துக்களை முதிராத உணர்ச்சி எனத் தள்ளிவிடுவது ஆசிரியருக்கும் விமர்சகருக்கும் எளிது. வகுப்பறையில் 'இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை' என ஒரு மாணவி கூறும்போது, அதனை ரசனைக் குறைவு எனக் கொள்ளாது, 'ஏன்?' என ஒருமுறை வினவுதல் வேண்டும். அதற்கு அவள் அளிக்கும் விடை கதையமைப்புப் பற்றியதாக இருக்கலாம். தன் வீட்டைப் பற்றியதாகவும் இருக்கலாம். இரண்டும் கேட்கப்படத்தக்கவையே.