பயந்தவன் ஏறிய படகு

சரத்சந்திரரின் ‘ஸ்ரீகாந்தன்’ படித்தவர்கள் இந்திரநாதனை மறப்பதில்லை. அவன் பக்கத்தில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்த பையனைக் கவனிப்பவர்கள் குறைவு. உண்மையில் தைரியம் தேவைப்பட்டது அந்தப் பையனுக்குத்தான்.

இரவு நேரம். விளக்கைச் சுற்றிப் பையன்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் காவல், எண்ட்ரன்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறைக்குத் தயாராகும் ஓர் அண்ணன். எச்சில் துப்பப் போவதற்கும், மூக்கைச் சிந்தப் போவதற்கும், தண்ணீர் குடிக்கப் போவதற்கும் அவரிடம் சீட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கண்டிப்புக்காரர், இருட்டில் ஓர் உறுமல் கேட்டதும் அலறி விழுகிறார். விளக்கு கவிழ்கிறது. முற்றத்து மாதுளை மரத்தடியில் புலி! துப்பாக்கி கொண்டு வா, ஈட்டி கொண்டு வா என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். முற்றத்தில் இறங்கத்தான் ஆள் இல்லை.

அந்த நேரத்தில் உள்ளே வருகிறான் இந்திரநாதன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, லாந்தரை எடுத்துக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போகிறான். வெளிச்சம் பட்டதும் புலி மனிதக் குரலில் கெஞ்சுகிறது. வந்திருந்தது ஸ்ரீநாத் என்கிற பகல்வேஷக்காரன். இவ்வளவு நேரம் நடுங்கிக்கொண்டிருந்த பெரியவர்களின் வீரமெல்லாம் அந்த ஏழையை அடிப்பதிலும் அவனது வேஷத்து வாலை அறுப்பதிலும் வெளிப்படுகிறது.

வங்க இலக்கியத்தின் புகழ்பெற்ற நகைச்சுவைக் காட்சிகளில் இது ஒன்று. வாசகரின் கண் இயல்பாகவே இந்திரநாதன் மேல் நிலைத்துவிடுகிறது. கதையைச் சொல்லும் ஸ்ரீகாந்தன் அந்தக் கூட்டத்தில் நடுங்கிய பையன்களில் ஒருவன். அவ்வளவுதான்.

‘ஸ்ரீகாந்தன்’ நாவலின் முதல் பாகம் 1917இல் நூலாக வந்தது. நான்காவது பாகம் வெளிவர 1933 ஆயிற்று. 1876இல் ஹூக்ளி மாவட்டத்தின் தேவானந்தபூரில் பிறந்த சரத்சந்திரர், இளமையின் பெரும்பகுதியை பீகாரின் பாகல்பூரில், தாய்மாமன்கள் வீட்டில் கழித்தவர். கங்கைக் கரை, உறவினர் நிறைந்த பெரிய குடும்பம், கண்டிப்பான பெரியவர்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்திரநாதனுக்கும் அங்கே ஒரு மூலம் உண்டு. ராஜு என்று அழைக்கப்பட்ட துணிச்சல்காரத் தோழன் அவன். மொழிபெயர்ப்புகள் வழியாகத் தமிழ் வாசகர்கள் சரத்சந்திரரைத் தங்கள் எழுத்தாளராகவே பாவித்த காலம் ஒன்று இருந்தது. 1980களில் ஃபாரூக் ஷேக் நடிக்க தூர்தர்ஷன் இந்த நாவலைத் தொடராக்கியபோது இன்னொரு தலைமுறைக்கும் ஸ்ரீகாந்தன் அறிமுகமானான்.

புலி அமளி அடங்கியதும் இந்திரநாதன் அவனைக் கூப்பிடுகிறான். கங்கையில் மீன் பிடிக்கப் போகலாமா? பிடிப்பது என்றால் செம்படவர்கள் கட்டிவைத்த வலைகளிலிருந்து திருடுவது. கும்மிருட்டு. செங்குத்தான கரைக்குக் கீழே மழைநீர் பெருகிய ஆறு சுழித்து ஓடுகிறது. கரையில் ஆடிக்கொண்டிருப்பதோ ஒரு சின்னஞ்சிறு படகு. ஸ்ரீகாந்தனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் ஏறி உட்காருகிறான்.

அந்தப் பயணம் முழுவதும் பயம் படிப்படியாகக் கூடுகிறது. செம்படவர்கள் துரத்துகிறார்கள். தப்பிக்க, பாதி மூழ்கிய சோளக் கொல்லைக்குள் படகை விடுகிறான் இந்திரன். பக்கத்தில் ஏதோ தண்ணீரில் விழும் சத்தம். என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை, செடிகளில் சுற்றிக்கிடக்கும் பாம்புகள் குதிக்கின்றன என்கிறான், தவளையைச் சொல்வதுபோல. என்றைக்காவது ஒருநாள் சாகத்தானே வேண்டும் என்பது அவன் கணக்கு.

இந்திரநாதனுக்கு அந்தக் கணக்கு உண்மையாகவே தீர்ந்துவிட்ட கணக்கு. பள்ளிக்கூடத்தில் பண்டிதரின் குடுமியைக் கத்தரித்துவிட்டுச் சுவரேறிக் குதித்தவன், திரும்பவே போகாதவன். அடியும் அவமானமும் மரணமும் அவனுக்கு ஒன்றுதான். பிறவியிலேயே பயம் விடுபட்டுப்போன மனிதன் அவன். அவனைக் கண்டு பிரமிக்கலாம். அவனிடமிருந்து கற்றுக்கொள்வது கடினம். உயரம் உள்ளவனைப் பார்த்து உயரமாவது எப்படி என்று கற்க முடியாததுபோல.

ஸ்ரீகாந்தன் வேறு ரகம். பாம்பு கடிக்கும், ஆறு முழுங்கும், வீட்டில் தெரிந்தால் தோலை உரிப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவின் பக்கம்தான் வைத்தார். அந்த வகையில் படகில் இருந்த இருவரில் அறிவாளி ஸ்ரீகாந்தன்தான். அத்தனையும் அறிந்தும் அவன் துடுப்பைக் கீழே போடவில்லை, அழவில்லை, திரும்பிப் போகலாம் என்று நச்சரிக்கவில்லை. இந்திரன் துளிச் செலவில்லாமல் செய்த பயணத்துக்கு அவன் கையிருப்பு முழுவதையும் கொடுத்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. அன்றிரவு அவனைப் படகில் ஏற்றியது தைரியம்தானா? இந்திரன் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவானோ என்கிற கூச்சம்தானே? எத்தனையோ பையன்கள் இதே கூச்சத்தில்தான் கிணற்றில் குதிக்கிறார்கள், ஓடும் ரயிலில் தொங்குகிறார்கள், வேண்டாத பழக்கங்களைத் தொடங்குகிறார்கள். முதல் சந்திப்பிலேயே இந்திரன் ஸ்ரீகாந்தனிடம் நீட்டியது பங்கு இலையும் சுருட்டும்தான். துணிச்சல்காரத் தோழனின் பின்னால் ஓடுவதை வீரம் என்று மெச்ச முடியாது.

சரத்சந்திரர் இதை மறைக்கவில்லை. முதல் இரவில் ஸ்ரீகாந்தனை இழுத்துப்போனது மோகம்தான். ஆனால் அதே இரவில் வேறொன்றும் நடக்கிறது. கரையோரத்தில் ஒரு சிறுவனின் பிணம் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆறேழு வயதிருக்கும். காலராவில் செத்ததை எரிக்க வழியில்லாமல் ஆற்றில் விட்டிருக்கிறார்கள். நரிகள் இழுத்துப்போகுமே என்று இந்திரன் அதைத் தூக்கிப் படகில் வைக்கிறான். என்ன ஜாதிப் பிணமோ, தொடலாமா என்று கேட்கிறான் ஸ்ரீகாந்தன். செத்தவனுக்கு ஜாதி ஏது என்கிறான் இந்திரன். படகு எந்த மரத்தில் செய்ததாயிருந்தால் என்ன, இப்போது அது படகுதானே என்கிற மாதிரி ஒரு விளக்கம். சாஸ்திரம் படிக்காத, பள்ளியை விட்டோடிய பையனின் விளக்கம் அது.

பாம்புக்குப் பயப்படுவது உடம்பின் பயம். தீட்டுக்குப் பயப்படுவது வீடும் ஊரும் ஊட்டி வளர்த்த பயம். இரண்டாவதுதான் ஆழமானது. உடம்பின் பயம் விடிந்தால் போய்விடும். ஊர் ஊட்டியது ஆயுளுக்கும் கூடவே வரும். அன்றிரவு அந்தப் பிணத்தோடு ஒரே படகில் உட்கார்ந்து வந்தபோது ஸ்ரீகாந்தன் கடந்தது கங்கையை மட்டும் அல்ல.

அந்தப் பாடம் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது அன்னதா தீதியின் கதையில் தெரிகிறது. இந்திரன் மீன் திருடி விற்ற காசு அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு வெளியே, ஒரு முஸ்லிம் பாம்பாட்டியோடு குடிசையில் வாழும் இந்துப் பெண் அவள். ஓடிப்போனவள், குலத்தைக் கெடுத்தவள் என்பதே உலகத்தின் தீர்ப்பு. உண்மை வேறு. அந்தப் பாம்பாட்டி அவளைத் தொட்டுத் தாலி கட்டிய கணவன். கொலை செய்துவிட்டு ஓடிப்போய், மதமும் பெயரும் மாறித் திரும்பி வந்தவன். அவனை அடையாளம் கண்டுகொண்டு பின்னாலேயே வந்தவள், உண்மையைச் சொன்னால் அவன் பழி வெளிவரும் என்பதால் வாய் திறக்காமல் அவப்பெயரைச் சுமந்தாள். பாம்பு கடித்து அவன் இறந்த பிறகு, ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு எங்கோ போய்விடுகிறாள். ஸ்ரீகாந்தன் அவளுக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் செய்தது சரியா என்று இன்றைய வாசகர், குறிப்பாக வாசகிகள், கேட்கலாம். கொலைகாரக் கணவனுக்காக ஒரு பெண் தன்னையே அழித்துக்கொள்வதைப் போற்ற முடியாதுதான். ஆனால் ஸ்ரீகாந்தன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பதிவிரதைப் பாடம் மட்டும் இல்லை. ஒரு பெண்ணின் மேல் ஊர் சுமத்தும் பழியை இனி எளிதில் நம்ப முடியாதவனாக அவன் ஆகிவிடுகிறான். பின்னாளில் பாட்டுக்காரி பியாரியாக வாழும் ராஜலட்சுமியை அவன் மதித்ததற்கும், பர்மாவில் கொடுமைக்காரக் கணவனை விட்டு இன்னொருவரோடு வாழத் துணிந்த அபயாவை ஏளனம் செய்யாததற்கும் விதை இந்தக் குடிசையில் விழுந்தது. ஊர் முழுவதும் ஒரு பெண்ணைத் தூற்றும்போது அந்தக் கோஷத்தில் சேராமல் இருப்பதற்குப் பாம்புக் கொல்லையைத் தாண்டுவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும்.

இந்திரநாதன் ஒருநாள் விடியற்காலையில் வீடு வாசல் எல்லாம் விட்டு, உடுத்திய துணியோடு வெளியேறுகிறான். திரும்பவே இல்லை. இங்கேதான் நாவல் தன் உண்மையான கேள்விக்கு வருகிறது. கூடவே இருந்த வீரன் போய்விட்டான். இனி இந்தப் பயந்த பையன் என்ன ஆவான்?

வளர்ந்த ஸ்ரீகாந்தன் ஒரு ராஜகுமாரனின் வேட்டை முகாமில் இருக்கிறான். பேய் பற்றிப் பேச்சு வருகிறது. தனக்கு நம்பிக்கையில்லை என்று பெரிதாகப் பேசி, அமாவாசை இரவில் சுடுகாட்டுக்குத் தனியாகப் போகப் பந்தயம் கட்டுகிறான். பியாரி கெஞ்சியும் கேட்காமல் துப்பாக்கியோடு போகிறான். மணலில் கிடக்கும் மண்டையோடுகளில் காற்று புகுந்து பெருமூச்சுவிடுகிறது. மரத்திலிருந்து குழந்தை அழும் குரல். அது கழுகுக் குஞ்சின் குரல் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பது பகல் நேரத்து நம்பிக்கை. அதைப் பொய்யாக்காமல் எழுதினார் சரத்சந்திரர்.

ஆனாலும் இது பந்தயம். பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது, மறுநாள் சொல்லிக்கொள்ளப் பெருமை இருக்கிறது. படகின் கூச்சமும் சுடுகாட்டின் பெருமையும் ஒரே குடும்பம்.

மூன்றாவது சந்தர்ப்பத்துக்குப் பார்வையாளர்களே இல்லை. சாமியார் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்தவன் ஒரு பீகார் கிராமத்தில் பெரியம்மை பரவியிருப்பதைப் பார்க்கிறான். வழியில் அறிமுகமான ஒரு வங்காளிக் குடும்பத்தின் குழந்தைகள் படுத்துவிட்டார்கள். ஊர் காலியாகிறது. சாமியார்களும் கிளம்புகிறார்கள். ஸ்ரீகாந்தன் தங்கிவிடுகிறான். அந்தக் குழந்தைகளின் பக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து பணிவிடை செய்கிறான்.

இன்றைய தலைமுறைக்கு இதன் கனம் எளிதில் புரியாது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி காணப்பட்டது 1975இல். உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதற்கு முன் அது வந்த வீட்டுக்குள் கால் வைப்பது உயிரைப் பணயம் வைப்பது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. பிழைத்தாலும் முகத்தில் தழும்பு, சிலருக்குக் கண் போய்விடும். அங்கே இந்திரநாதன் வேடிக்கை பார்க்கவில்லை. பந்தயம் கட்டிய ராஜகுமாரன் இல்லை. குழந்தைகள் பிழைக்கின்றன. அவன் காய்ச்சலில் விழுகிறான். விழுந்தபோது அந்தக் குடும்பம் அவன் பக்கத்தில் இல்லை. தகவல் அறிந்து பியாரி வந்துதான் அவனைப் பாட்னாவுக்கு அழைத்துப்போகிறாள். சரத்சந்திரர் இதற்குச் செலவிடுவது சில பக்கங்கள்தான். புலிக் காட்சியை நினைவு வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கங்கள் மறந்துபோயிருக்கும். ஸ்ரீகாந்தனும் இதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இந்தியாவில் வீரச் செயல் புரியும் சிறுவர்களுக்கு தேசிய விருது வழங்கும் வழக்கம் 1957இல் தொடங்கியது. தீயில் பாய்ந்து காப்பாற்றியவர்கள், வெள்ளத்தில் குதித்து மீட்டவர்கள் என்று அந்தப் பட்டியல் பெருமைக்குரியது. ஒரு கணத்தில் வெளிப்படும் துணிச்சலை அடையாளம் காண்பது எளிது. நாட்கணக்கில் நடக்கும் துணிச்சலுக்குச் சாட்சியும் குறைவு, பதக்கமும் குறைவு. படுக்கையில் கிடக்கும் தாத்தாவைக் கழுவித் துடைக்கும் பதினாலு வயதுப் பெண், வகுப்பே கேலி செய்யும் ஒருவன் பக்கத்தில் போய் உட்காரும் பையன் ஆகியோருக்கு என்ன பெயர் என்று கேட்டால் அமைதிசாலி, கூச்ச சுபாவம் என்றுதான் பதில் வரும்.

பயப்படும் பிள்ளையைப் பெரியவர்கள் பெரும்பாலும் இந்திரநாதனோடு ஒப்பிட்டுத்தான் திட்டுகிறார்கள். அவனைப் பார், எப்படிப் பாய்கிறான் என்று. ஒப்பிட வேண்டியது வேறு இடத்தில். பயம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பயத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை யாருக்காக நிற்கிறது என்று பார்க்கலாம். கூச்சத்தில் படகில் ஏறி, வீம்பில் சுடுகாட்டுக்குப் போனவன்தான் கடைசியில் யாரும் கேட்காமலே அம்மை கண்ட வீட்டில் தங்கினான். எல்லோரும் மூட்டை கட்டிய அந்தக் கிராமத்தில் இருந்துவிட முடிவு செய்த கணத்திலும் ஸ்ரீகாந்தனுக்கு உயிர்ப்பயம் இல்லாமல் இருந்திருக்காது. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு கை தேவைப்பட்டது. இருந்த கையை அவன் நீட்டினான்.