புலி ஊருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்!

நம் ஆபீஸ்களில் 'டிரான்ஸ்ஃபர்' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். மானேஜருக்கு உங்களைப் பிடிக்கவில்லை! ஆர்டர் கைக்கு வந்ததும் பக்கத்து சீட்காரர் காபி வாங்கித் தருவார். "எல்லாம் நல்லதுக்குத்தான் சார்" என்பார். அன்று சாயந்திரமே உங்கள் நாற்காலியை (செக்‌ஷனிலேயே ஆடாத நாற்காலி அது ஒன்றுதான்) தன் மேஜைக்கு இழுத்துக்கொள்வார்.

அந்த டிரான்ஸ்ஃபரைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போன ஒரு பையனின் கதையை நான் கேட்டது பேட்டன் ரூஜ் நகரத்தில். அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தின் தலைநகரம்.

நான் எப்படி அங்கே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி என்னை மூன்று வாரம் ஹூஸ்டனுக்கு அனுப்பியது. திறமையைப் பாராட்டி என்று நினைத்துவிடாதீர்கள். போக வேண்டியவருக்கு விசா கிடைக்கவில்லை. அடுத்த பெயர் என்னுடையது. ஏழு வருடமாகவே நான் 'அடுத்த பெயர்'தான். செக்‌ஷன் ஹெட் நாற்காலி இரண்டு தடவை காலியாயிற்று. இரண்டு தடவையும் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இரண்டு பேருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஹி... ஹி...

பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. சம்பளம் பெரிதாக ஒன்றும் கூடாது. ஆனால் நாற்காலி முதல் நாற்காலி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டால், "நீங்களே முடிவு பண்ணுங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று பதில். இந்த நிலையில்தான் கல்லூரித் தோழன் ஒருவன் போன் பண்ணி, "டேய், நாலரை மணி நேரம்தான்டா. சனி ஞாயிறு இங்க வந்துடு. சோறு கிடைக்கும்" என்றான். சோறு என்றதும் பஸ் ஏறிவிட்டேன்.

*

வழியில் ஒரு பாலம் வருகிறது. அச்சாஃபலாயா என்ற சதுப்பு நிலத்தின் மேல், சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்கு! கீழே தண்ணீர், தண்ணீருக்குள் இடுப்பளவு நிற்கும் சைப்ரஸ் மரங்கள். பாலம் ஆரம்பிக்கும்போது தூங்கினேன். எழுந்தபோதும் பாலத்தின் மேல்தான் இருந்தேன்.

கடைசியில் மிஸிஸிப்பி ஆறு. டிகாக்‌ஷனில் கொஞ்சமாகப் பால் விட்ட நிறம். ஆற்றைத் தாண்டும்போது இடது பக்கம் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, புகை விடும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இன்னொன்று, 34 மாடி சட்டசபைக் கட்டடம். 1932-ல் ஹியூயி லாங் என்ற அரசியல்வாதி கட்டியது. 1935-ல் அதே கட்டடத்துக்குள்தான் அவரைச் சுட்டார்கள். அவருக்கு இந்த ஊர் பல்கலைக்கழகத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். மாணவர்களின் பாண்டு வாத்தியத்துக்கு முன்னால் தானே கம்பீரமாக நடந்து போவாராம்!

பேட்டன் ரூஜ் என்றால் பிரெஞ்சில் 'சிவப்புக் குச்சி'. 1699-ல் இந்த வழியாக வந்த பிரெஞ்சுக்காரர்கள், ஆற்றங்கரையில் ரத்தக்கறை படிந்த ஒரு கம்பம் நட்டிருப்பதைப் பார்த்தார்கள். இரண்டு பழங்குடியினரின் வேட்டைக்காட்டுக்கு அது எல்லைக்கம்பம். இப்போது இந்த ஊரில் எல்லை ஒன்றே ஒன்றுதான். புலிக்கட்சியா, இல்லையா?

சும்மா சொல்லவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்குப் பெயர் 'புலிகள்'. அதற்காக ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே நிஜப் புலி ஒன்றை வளர்க்கிறார்கள்! மைக் என்று பெயர். இப்போது இருப்பது ஏழாவது மைக். நாங்கள் போனபோது தொரை குளத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தார். சுற்றிலும் ஊதாவும் தங்க நிறமும் போட்ட சட்டைக்காரர்கள். அன்று மேட்ச்.

ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். ஊரின் ஜனத்தொகையே இரண்டேகால் லட்சம் பக்கம்தான்! 1988-ல் ஆபர்ன் அணியை 7-6 என்று ஜெயித்தபோது இவர்கள் குதித்த குதி, பல்கலைக்கழகத்தின் நில அதிர்ச்சிக் கருவியில் பதிவாகிவிட்டது. பூகம்ப மேட்ச் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

எங்களிடம் டிக்கெட் இல்லை. பெரும்பாலானவர்களிடமும் இல்லை. அதனால் என்ன? கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி, டி.வி. வைத்து, திருவிழா நடத்துகிறார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் கேள்வியே இல்லாமல் ஒரு கிண்ணத்தை நீட்டினார். 'கம்போ' என்ற குழம்பு. கோழியும் வெண்டைக்காயும் போட்டு, கீழே வெள்ளைச் சோறு! சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் காரம், கொஞ்சம் ஊர் ஞாபகம்.

"இந்த ஆட்டம் புரியுமா?" என்றார் பெரியவர்.

"ஃபுட்பால் என்கிறீர்கள். யாரும் காலால் தொடவே காணோமே!" என்றேன்.

சிரித்துவிட்டு விளக்கினார். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. இதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா? முடிவெடுக்க மூன்று விநாடி. அதற்குள் நூற்று முப்பது கிலோ ஆசாமிகள் நாலு பேர் அவர் மேல் விழத் தயாராக ஓடி வருவார்கள்.

முக்கியமான விஷயம், அந்த இடம் ஒருவருக்குத்தான். விக்கெட் கீப்பர் மாதிரி. இரண்டாவது கீப்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டியதுதான்.

எனக்கு ஆட்டம் புரிந்துவிட்டது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்!

*

ஜோ பர்ரோ வடக்கே ஒஹையோ மாநிலத்துப் பையன். ஏதென்ஸ் மாவட்டம். ஏழை மாவட்டம். 2015-ல் அந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான ஒஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தான். முதல் வருடம் மைதானத்திலேயே இறங்கவில்லை. அடுத்த வருடம் மாற்று ஆட்டக்காரன். 2017-ல் சீஸன் ஆரம்பிக்கும் முன்பே கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் என்ற இளையவர் முன்னால் போய்விட்டார். மூன்று வருடத்தில் ஜோ பர்ரோ எறிந்த பந்துகள் மொத்தம் 39!

அப்போதெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்பது சட்டம். டிகிரி முடித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பையன் வெஞ்சில் உட்கார்ந்த நேரத்தில் படிப்பையும் கவனித்திருக்கிறான். நாலு வருடப் படிப்பை மூன்றே வருடத்தில் முடித்து, 2018 மே மாதம் பேட்டன் ரூஜுக்கு மாறினான். (இந்த இடத்தை உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டவும்.)

அவனை எடுத்துக்கொண்ட கோச் எட் ஒர்ஜெரான். லூசியானாக்காரர். கூழாங்கல்லை அரைக்கிற மாதிரி குரல். அவரே மாணவராக இதே பல்கலைக்கழகத்தில் ஆட வந்து, தாக்குப்பிடிக்காமல் வீட்டுக்கு ஓடிப்போய், பிறகு வேறு கல்லூரியில் சேர்ந்து ஆடியவர். டிரான்ஸ்ஃபர் கேட்டு வருகிறவன் மனசு அவருக்குத் தெரியாதா?

"வந்ததும் ஜெயித்துவிட்டானாக்கும்?" என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். "அதுதான் எல்லாரும் மறந்துபோகிறது. முதல் வருடம் சுமார்தான். 2018 நவம்பர், அலபாமாவோடு மேட்ச். இதே ஸ்டேடியம். நான் உள்ளே இருந்தேன். 29-0."

"யாருக்கு 29?"

பதில் சொல்லாமல் என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அந்த சீஸனின் கடைசி ஆட்டம் 2019 ஜனவரி 1. ஆரம்பத்திலேயே எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓட, ஜோ பர்ரோவைப் பக்கவாட்டிலிருந்து வந்து ஒருவர் அடித்துச் சாய்த்தார். எழுந்திருக்கவே நேரமாயிற்று. எழுந்தபின் நாலு டச்டவுன் எறிந்து, 40-32 என்று ஜெயித்துக் கொடுத்தார். (இனிமேல் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை!)

2019 சீஸன் வேறு கதை. 15 ஆட்டம், 15 வெற்றி. 60 டச்டவுன் எறிதல். அன்றைக்கு அது ஒரு சீஸன் சாதனை. எட்டு தடவை தொடர்ந்து தோற்ற அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 46-41. டிசம்பரில் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் கோப்பை. 1959-க்குப் பிறகு, அறுபது வருடம் கழித்து இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளெம்ஸனை 42-25 என்று ஜெயித்து தேசிய சாம்பியன். ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் பெயர் அவருடையது. எடுத்தது யார் தெரியுமா? சின்சினாட்டி. அதே ஒஹையோ!

எனக்குப் பிடித்தது கோப்பை வாங்கிய அன்றைய பேச்சு. அழுதுகொண்டே, தன் ஏதென்ஸ் மாவட்டத்தில் சாப்பாடு இல்லாமல் வீட்டுக்குப் போகிற குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டு ஜனங்கள் அந்த ஊர் உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். ஊரை விட்டுப் போனவர், ஊரை மறந்துவிட்டுப் போகவில்லை.

"சரி, நானும் மாறிவிட வேண்டியதுதான்!" என்று தோழனிடம் சொன்னேன். ஜோஸ்யக்காரர் சொன்ன மாதிரி சந்தோஷம்.

பெரியவர் காதில் என்ன விழுந்ததோ, தோழனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "மாறிப் போனவன் கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போகாதே. இங்கே இருந்தவன் கதையும் இருக்கிறது."

ஜோ பர்ரோ வந்தபோது இங்கே ஏற்கெனவே குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். அவர் வந்த அந்த ஆகஸ்டிலேயே இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். மைல்ஸ் பிரென்னன் மட்டும் இருந்தார். இரண்டு வருடம் பொறுமையாக உட்கார்ந்தார். 2020-ல் நாற்காலி கிடைத்தது. மூன்று ஆட்டத்தில் 11 டச்டவுன்! மூன்றாவது ஆட்டத்தில் அடிபட்டு, அந்த சீஸன் போயிற்று. அடுத்த வருடம் சீஸனுக்கு முன்பே கை முறிந்தது. ஒரு தடவை தானும் மாறுவதாகப் பெயர் கொடுத்து, மனம் மாறி இங்கேயே தங்கினார். 2022 ஆகஸ்டில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். அந்த வருடம் இன்னொருவர் அரிஸோனாவிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வந்திருந்தார். ஜேடன் டேனியல்ஸ். 2023-ல் அவருக்கும் ஹைஸ்மன்!

"பிரென்னன் செய்தது தப்பா?" என்றேன்.

"தப்பு எங்கே இருக்கிறது? இருந்தாலும் வேலை செய்தான். போயிருந்தாலும் செய்திருப்பான். கை உடைவது யார் கையில் இருக்கிறது?"

உள்ளே ஒரு லட்சம் தொண்டைகள் ஒன்றாக அலறின. கிண்ணம் லேசாக நடுங்கிற்று. அல்லது என் கையா?

*

ராத்திரி தோழன் வீட்டில் தூக்கம் வரவில்லை. பெரியவர் சொன்ன இரண்டு கதையும் மண்டைக்குள் மாறி மாறி ஓடின. விடியும்போது ஒன்று மட்டும் தெளிவாயிற்று. நான் ஏழு வருடமாகப் பொறுமையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பயந்துகொண்டிருந்தேன். புது ஊரில் அந்த 29-0 எனக்கு வந்துவிடுமே என்ற பயம். இங்கே உட்கார்ந்தே இருந்தால் யாரும் என்னைத் தோற்கடிக்க முடியாது, பாருங்கள்! ஆடினால்தானே தோற்பதற்கு?

திங்கட்கிழமை ஹைதராபாத்துக்குச் 'சரி' என்று எழுதிவிட்டேன்.

சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெயித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். முதல் மாதம் நான் போட்ட திட்டத்தை மீட்டிங்கில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தெலுங்கில் நான் 'வேண்டாம்' என்று நினைத்துச் சொன்ன வார்த்தைக்கு இரண்டு பிளேட் புளியோதரை வந்தது. வீட்டில் நிலவரம் கேட்டால், "இருபத்தொன்பது - ஜீரோ" என்கிறேன். அவளுக்கு இப்போது ஸ்கோர் முழுக்க அத்துப்படி.

பேட்டன் ரூஜில் வாங்கிய ஒரே சாமான் ஒரு பழைய பனியன். அதற்கும் கதை உண்டு. 2019 நவம்பரில் தன் கடைசி உள்ளூர் மேட்சுக்கு ஜோ பர்ரோ சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். லூசியானாவில் 'ஓ' சத்தத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி நாலு எழுத்துப் போட்டு நீட்டி எழுதுவார்கள். அதே பாணியில் தன் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றி முதுகில் எழுதிக்கொண்டு வந்தார். ஊரே எழுந்து நின்று கத்தியது. நம்ம பையன்!

அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். பழைய எழுத்துக்கும் பர்ரோ. புது எழுத்துக்கும் பர்ரோ. ஊர் மாறினாலும் சத்தம் அதேதான்.

பனியனை ஆபீஸ் டிராயரில் வைத்திருக்கிறேன். ஹைதராபாத்தில் என் பெயரை இன்னும் தப்பாகத்தான் எழுதுகிறார்கள். என்றைக்கு அது பாசத்தோடு செய்கிற தப்பாக மாறுகிறதோ, அன்றைக்கு எடுத்துப் போட்டுக்கொள்வதாக உத்தேசம்.

அதுவரை நாற்காலி மட்டும் சௌக்கியம். ஆடவே இல்லை!